வாளியைக் கடைசியில் எடுங்கள்: வடசென்னை வீடுகளுக்கான போகிச் சுத்தமும் பொங்கல் அலங்காரமும்

மார்கழி பாதியைத் தாண்டியதும் எங்கள் தெருவில் முதல் அண்டா இறங்கும். யார் வீட்டுப் பரணிலிருந்தாவது அதை இறக்கும்போது படிச்சுவரில் இடித்து எழும் ‘டங்’ நாலு வீட்டுக்குக் கேட்கும். மறுநாள் எதிர்வீட்டு அண்டா. அதற்கும் மறுநாள் தெருவே துடைப்பமும் வாளியுமாக நிற்கும்.

தவறு அந்த வாளியில்தான் தொடங்குகிறது. பழைய வண்ணாரப்பேட்டைக்கு நாங்கள் குடிவந்த முதல் ஆண்டு, போகிக்கு ஒரு வாரம் இருக்கும்போது சுவர் முதல் தரை வரை தண்ணீர் விட்டுக் கழுவித் தள்ளினேன். வீடு பளிச்சென்று இருந்தது. பொங்கலன்று விடியற்காலையில் பட்டுப்புடவை எடுக்க அலமாரியைத் திறந்தால், மடிப்பு ஓரமெல்லாம் திருநீறு பூசியதுபோலப் பூஞ்சை. பிளைவுட் அலமாரியின் கால் ஊறிப் பருத்து, கதவு மூட மறுத்தது. என் மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

அதற்குப் பிறகு நான் பிடித்துக்கொண்ட வரிசை இது: முதலில் உலர்த்துவது, அடுத்து வேண்டாததை வெளியேற்றுவது, பிறகு தூசியை உதிர்ப்பது, சுவரைப் பார்ப்பது. தண்ணீருக்கு வேலை எல்லாவற்றுக்கும் கடைசியில்தான். போகி ஜனவரி 13 அல்லது 14-ல் வரும். அதிலிருந்து பின்னோக்கி 15 நாள் எண்ணித் தொடங்குங்கள்.

நம் வீட்டு அழுக்கு எப்படிப்பட்டது

தென்மாவட்டத்து உறவினர் வீட்டில் செய்வதை அப்படியே இங்கே செய்தால் பலிக்காது. அங்கே அழுக்கு என்றால் செம்மண் புழுதி, துடைத்தால் போய்விடும். இங்கே மூன்று விதம். முதலாவது ஈரம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை சுவரை ஊறவைத்துவிட்டுப் போகிறது. இரண்டாவது உப்பு. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் என்று கடலை ஒட்டி இருக்கிறோம்; ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும் பல தெருக்களில் கரிக்கிறது. உப்புக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. ஆகவே உப்பேறிய சுவர் மழை நின்ற பிறகும் காற்றிலிருந்து ஈரம் குடித்துக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது கரும்புழுதி. 2011-ல் உயர்நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது நிறுத்தப்படும்வரை, ராயபுரத்தில் மாடியில் காய்ந்த வெள்ளை வேட்டி கறுப்புப் புள்ளிகளோடுதான் இறங்கும். இப்போது கன்டெய்னர் லாரிகளின் டீசல் புகை அந்த வேலையைப் பார்க்கிறது. எண்ணூர் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பலும் சேர்கிறது. இந்தப் புழுதியில் எண்ணெய்ப் பசை உண்டு. ஈரத்துணி பட்டால் போகாது, இழுவிக்கொண்டு பரவும்.

மூன்றுக்குமே தண்ணீர் முதல் மருந்து இல்லை என்பது இதிலிருந்தே தெரியும்.

15 நாள் முன்பு: திறந்து போடுங்கள்

முதல் இரண்டு நாள் துடைப்பத்தைத் தொட வேண்டாம். அலமாரி, பெட்டி, கட்டிலடி, எல்லாவற்றையும் திறந்து போடுங்கள். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் முன்னே இழுங்கள். அதன் முதுகுப்புறம்தான் பூஞ்சையின் பிறந்த வீடு. அறைக்கு ஒரு மின்விசிறி சுவரைப் பார்த்து ஓடட்டும்.

மெத்தை, தலையணை, பாய், பட்டு எல்லாம் மொட்டைமாடிக்குப் போக வேண்டும். நேரம் முக்கியம். மார்கழிப் பனியில் காலை 9 மணி வரை மாடித்தரை ஈரமாகவே இருக்கும். 10 மணிக்கு மேல் போட்டு, 4 மணிக்குள் எடுத்துவிடுங்கள். மாலையில் கடற்காற்று கொண்டுவரும் ஈரம், பகலெல்லாம் வாங்கிய வெயிலைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். பட்டையும் சாயத்துணியையும் நேர்வெயிலில் போடாமல், மேலே ஒரு பழைய வேட்டியை விரித்து அதன் அடியில் காய விடுங்கள்.

இதே நாளில் கொசுவையும் கவனியுங்கள். ஃப்ரிட்ஜின் பின்பக்கம் அடியில் ஒரு தட்டு இருக்கும். எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறோம்? டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம் பத்து நாள் போதும். அந்தத் தட்டு, மாடியில் கிடக்கும் டயர், பூந்தொட்டியின் அடித்தட்டு மூன்றையும் கவிழ்த்துக் காயவையுங்கள்.

கிறிஸ்துமஸ் கொண்டாடும் வீடுகளுக்கு இந்த வெயில் கிடைக்காது. ராயபுரத்திலும் பெரம்பூரிலும் டிசம்பர் 24-க்குள் வேலை முடிந்து, குடில் வைத்து, வாசலில் நட்சத்திரம் ஏறியாக வேண்டும்; மழையோ அப்போதும் விட்டு விட்டுப் பெய்யும். அவர்களுக்கு என் யோசனை: சுண்ணாம்பு அடிப்பதை ஜனவரிக்குத் தள்ளிவிட்டு, உலர்த்துவதையும் ஒட்டடை அடிப்பதையும் மட்டும் இப்போது செய்யுங்கள். ஈரச்சுவரில் அடித்த வெள்ளை ஈஸ்டருக்குள் உரிந்துவிடும்.

பரணைக் காலி செய்தல்

கையுறை, மூக்கை மறைக்கத் துணி, காலில் செருப்பு மூன்றும் இல்லாமல் பரணில் ஏறாதீர்கள். மழைக்காலத்தில் எலி அங்கேதான் குடியிருந்திருக்கும். அதன் சிறுநீர் பட்ட பொருளை வெறுங்கையால் தொட்டால், காயம் வழியாக எலிக்காய்ச்சல் வரலாம்.

இறக்கிய பொருளைக் கூடத்தில் நான்கு குவியலாகப் போடுவது என் வழக்கம். திரும்ப ஏறுவது, யாருக்காவது கொடுப்பது, காயலான் கடைக்குப் போவது, குப்பை. ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று ஐந்தாவது குவியல் ஒன்றை என் கணவர் ஆண்டுதோறும் தொடங்குவார். அனுமதிக்காதீர்கள்.

காயலான் கடைக்குப் போவதில் இரும்பு, பித்தளை, செய்தித்தாள், அட்டைப்பெட்டி, உடைந்த பிளாஸ்டிக் குடம் எல்லாம் அடங்கும். ஒரு காலத்தில் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்துவிட்டுப் போவார்கள். இப்போது எடைக்குப் பணம். பித்தளையை மட்டும் இரண்டு கடையில் விலை கேட்டுவிட்டுப் போடுங்கள். கட்டக்கூடிய துணியைத் துவைத்து, மடித்து, தெரிந்தவர்களுக்குக் கொடுங்கள். கந்தலைத் துடைக்கும் துணியாக வைத்துக்கொள்ளுங்கள். வரும் பத்து நாளுக்கு நிறையத் தேவைப்படும். டியூப்லைட், பேட்டரி, பழைய செல்போன் ஆகியவற்றைத் தனியே ஒரு பையில் போட்டுத் தூய்மைப் பணியாளரிடம் சொல்லிக் கொடுங்கள். பெரிய பொருளாக இருந்தால் மாநகராட்சியின் 1913 எண்ணில் கேட்டுப் பாருங்கள்.

எதையும் எறிவதற்கு முன் பிரித்துப் பாருங்கள். அலமாரித் தட்டில் விரித்த செய்தித்தாளுக்கு அடியில்தான் நம் குடும்பங்கள் சொத்தையே வைத்திருக்கின்றன. எங்கள் வீட்டில் ஒரு போகியன்று, சுருட்டி எறிந்த தாளோடு எரிவாயு இணைப்புப் புத்தகமும் தீயில் போய்விட்டது. மாற்றுப் புத்தகம் வாங்க நடந்த நடையை எண்ணினால் இன்னும் கால் வலிக்கிறது. இன்னொரு எச்சரிக்கை: அந்தப் பழைய செய்தித்தாளைப் படிக்க உட்காராதீர்கள். ஒரு மணி நேரம் போய்விடும்.

ஏன் இவ்வளவு பிரிக்க வேண்டும் என்றால், வடசென்னைக் குப்பை போய்ச் சேரும் இடம் கொடுங்கையூர். வியாசர்பாடியில் இருப்பவர் எறிந்த தலையணை, காற்றடிக்கும் திசை மாறினால் அவர் மூக்குக்கே வாசனையாகத் திரும்பி வரும்.

மேலிருந்து கீழே: ஒட்டடை, விசிறி, வலை, கிரில்

ஒட்டடைக் குச்சியை முதலில் மூலைகளுக்குக் கொடுங்கள், பிறகு நடுக்கூரைக்கு. மர உத்திரத்தின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் பரப்பிக் கூரை போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் வீடாக இருந்தால் தேக்கு உத்திரங்களின் பக்கவாட்டைக் கையால் தட்டிப் பாருங்கள். பொத்தென்று ஓசை வந்தாலோ மண் கோடு ஓடியிருந்தாலோ கரையான். அதைத் துடைத்துவிட்டுப் போகாமல் தச்சரைக் கூப்பிடுங்கள்.

மின்விசிறி இறக்கைக்குப் பழைய தலையணை உறையை மாட்டி உருவினால் தூசி உறைக்குள்ளேயே விழுந்துவிடும், கட்டில்மேல் கொட்டாது. மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும் என்று தனியே சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லிவிட்டேன்.

சமையலறை ஜன்னலின் கொசுவலைதான் இந்த வீட்டில் மிகக் கடினமான சதுர அடி. உள்பக்கம் தாளிப்பின் எண்ணெய், வெளிப்பக்கம் லாரிப் புகை; இரண்டும் வலையின் ஒவ்வொரு கண்ணிலும் சந்தித்துத் தார்போல் ஒட்டியிருக்கும். கழற்ற முடிந்தால் கழற்றி, செய்தித்தாள்மேல் வைத்து ஒரு மணி நேரம் வெயில் காட்டுங்கள். பிறகு காய்ந்த பிரஷால் இரு பக்கமும் தட்டித் தேய்த்தால் கறுப்புத் தூளாக நிறையக் கொட்டும். அதன் பிறகுதான் வெந்நீரில் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா கரைத்து, பத்து நிமிடம் ஊறவைத்துப் பல் பிரஷால் தேய்க்க வேண்டும். சட்டம் அலுமினியமாக இருந்தால் சலவை சோடா வேண்டாம், அலுமினியம் கறுத்துவிடும். பாத்திரம் துலக்கும் திரவம் போதும். குக்கருக்கும் இதே விதி.

கிரில் கம்பிகளில் துரு செதிலாக எழும்பியிருந்தால், அதன்மேலேயே பெயிண்ட் பூசுவது பணத்தைக் கடலில் போடுவது. கம்பி பிரஷால் செதிலை உதிர்த்து, உப்புத்தாளால் இழைத்து, காய்ந்த துணியால் துடைத்து, அன்றே ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்துவிடுங்கள். ‘நாளைக்கு’ என்று விட்டால் இரவு ஈரத்தில் மறுபடி துரு பிடிக்கும். பிரைமர் ஒருநாள் காய்ந்தபின் எனாமல்.

சுவர்

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். வடசென்னையில் வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் நடக்கும் சண்டையில் பாதி சுவரைப் பற்றியது.

தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை வெள்ளையாக மாவுபோல் பூத்திருப்பது உப்பு. ஈரத்துணியால் துடைத்தால் மறைந்துவிடும், நமக்கும் திருப்தியாக இருக்கும். ஆனால் அந்த உப்பு தண்ணீரில் கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடுகிறது. சுவர் காய்ந்ததும் பழையபடி பூக்கும். செய்ய வேண்டியது, காய்ந்த தேங்காய்நார் பிரஷால் உதிர்த்து, விழுந்த மாவை முறத்தில் அள்ளி வெளியே போடுவது. நான்கு நாள் விட்டு மறுபடி உதிர்ப்பது. இரண்டாம் முறை விழும் அளவு குறைந்தால் சுவர் காய்கிறது என்று பொருள். குறையவில்லை என்றால் எங்கோ குழாய் கசிகிறது. முதலில் பிளம்பர், அப்புறம் பெயிண்டர்.

கறுப்பும் பச்சையுமாகப் படர்வது பூஞ்சை. ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி பிளீச்சிங் பவுடர் கலக்கித் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் பஞ்சில் தொட்டுப் பூசுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, விசிறியை அந்தச் சுவரின் பக்கம் திருப்புங்கள். ஜன்னல் திறந்திருக்க வேண்டும். அன்றைக்குக் கழிவறையில் ஆசிட் ஊற்றும் வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிவரும். சின்ன அறையில் அது விளையாட்டில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலம் வந்து நின்ற எர்ணாவூர், திருவொற்றியூர் மேற்குப் பகுதி வீடுகளில் பழுப்புக் கோடு இன்னும் எட்டிப்பார்ப்பதாகச் சொல்கிறார்கள். எண்ணெய்க் கறையின்மேல் எத்தனை கோட் வெள்ளை அடித்தாலும் அது கசிந்து மேலே வரும். கறையைச் சோப்புத் தண்ணீரால் இரண்டு மூன்று முறை தேய்த்து எடுத்து, நன்றாகக் காயவிட்டு, எண்ணெய் அடிப்படையிலான பிரைமரால் அதை அடைத்துவிட்டுத்தான் மேற்பூச்சு. சுவரைத் தண்ணீர் விட்டுத் தேய்க்க நான் முன்கூட்டியே அனுமதிக்கும் இடம் இது ஒன்றுதான்.

எதைப் பூசுவது? சிமெண்ட் சுவரில் எதைப் பூசினாலும் பரவாயில்லை. சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய பழைய வீட்டில் பிளாஸ்டிக் எமல்ஷன் பூசாதீர்கள். அந்தச் சுவர் மூச்சு விடும். மேலே பிளாஸ்டிக் தோலைப் போர்த்தினால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியின்றி, தோலையே கொப்புளமாகத் தூக்கும். எண்ணூர், பழவேற்காட்டுக் கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பைப் பூசிப் பூசியே அந்தக் காலத்து மதராஸ் வெளுத்தது. சுண்ணாம்பு மலிவு, பூஞ்சைக்கும் பகை.

ஒரு கிலோ சுண்ணாம்புக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் கணக்கு. நீறாத சுட்ட கிளிஞ்சலாக இருந்தால் இரும்பு வாளியில் தண்ணீர் வைத்து, சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். கொதித்துத் தெறிக்கும், கண்ணாடி அணியாமல் கிட்டே போகாதீர்கள், குழந்தைகளை மாடிக்கு அனுப்பிவிடுங்கள். ஒருநாள் முழுவதும் ஊறிய பிறகு துணியில் வடிகட்டி, ஒரு டம்ளர் சோற்றுக் கஞ்சியோ பசையோ கலந்து, துணிக்குப் போடும் நீலம் சில சொட்டு. நீலம் கூடினால் வீடு மருத்துவமனைபோல் ஆகிவிடும். சுவரை லேசாக நனைத்து, பால்போல் மெல்லிய கலவையை மூன்று முறை அடியுங்கள். ஒருமுறை அடித்தது நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. அடிக்கும்போது சுவர் சாம்பல் நிறமாகத்தான் தெரியும். ‘ஒன்றும் ஏறவில்லையே’ என்று கெட்டியாக அடித்தால் அது உதிர்ந்து எல்லோர் முதுகிலும் ஒட்டும். மறுநாள் காலை பாருங்கள், வெளுத்திருக்கும்.

தொட்டியும் அடுக்களையும்

போகிக்கு நான்கு நாள் முன்பு தண்ணீருக்கு அனுமதி. குடிநீர் லாரி வருவதற்கு முந்தைய நாள், மேல்தொட்டி கிட்டத்தட்டக் காலியாக இருக்கும்போது கழுவுங்கள். அடியில் இருக்கும் சேற்றை வாளியில் அள்ளிவிட்டு, சோப்பு இல்லாமல் நைலான் பிரஷால் தேய்த்து, இரண்டு முறை அலசுங்கள். நிரம்பியதும் 1000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர், அதாவது ஏறத்தாழ அரைத் தேக்கரண்டி. வாளித் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிந்ததை மட்டும் ஊற்றி ஒரு மணி நேரம் குழாயைத் திறக்காதீர்கள். தரைக்கடியில் உள்ள சம்ப்புக்குள் யாரையும் இறக்காதீர்கள், நீங்களும் இறங்காதீர்கள். மூடிக்கிடந்த குழியில் சுவாசிக்கக் காற்று இருக்காது; உயிர்போன பிறகுதான் தெரியும். மோட்டாரால் வெளியேற்றி, மேலிருந்தே நீண்ட கழியில் பிரஷ் கட்டித் தேய்க்கலாம்.

பித்தளைக்குப் புளியும் கல்லுப்பும்போல் இதுவரை ஒன்றும் வரவில்லை. ஊறிய புளிச் சக்கையில் உப்பைத் தொட்டுத் தேய்த்தால், புளியின் அமிலம் கறுத்த படலத்தைக் கரைத்து எடுக்கும். அலசியதும் உடனே துடைத்து வெயிலில் கவிழ்த்துவிடுங்கள். ஈரமாக விட்டால் மாலைக்குள் மறுபடி கறுக்கும். பொங்கல் வைக்கப் போவது பித்தளைப் பானை என்றால் உள்ளே ஈயப்பூச்சு தேய்ந்திருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். தேய்ந்திருந்தால் வெண்கலப் பானையோ மண்பானையோ எடுப்பது நல்லது.

மளிகை டப்பாக்களைக் கழுவினால் முழுநாள் காயவிட்ட பிறகே பருப்பை நிரப்புங்கள். துணி அலமாரிக்குப் பாச்சை உருண்டை. மளிகைப் பக்கம் அது வரவே கூடாது.

தரையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. போகிக்கு முந்தைய நாள் கழுவினால் போதும். மொசைக்கிலும் சிவப்பு ஆக்சைடுத் தரையிலும் ஆசிட் ஊற்றாதீர்கள், பளபளப்பு அன்றோடு போய்விடும். டைல்ஸில் உப்புத் தண்ணீர் விட்டுப்போன வெள்ளை வளையத்துக்கு எலுமிச்சைத் தோல் போதும். கடைசி அலசலை மட்டுமாவது நல்ல தண்ணீரில் முடியுங்கள்.

போகியன்று

நம் பாட்டனார் போகியில் எரித்தது ஓலை, கோரைப்பாய், தேய்ந்த துடைப்பம், பருத்திக் கந்தல். இன்று நாம் வீட்டிலிருந்து எறிவதில் அவை ஒன்றும் இல்லை. பாய் பிளாஸ்டிக், துணி பாலியஸ்டர், துடைப்பத்தின் பிடிகூடப் பிளாஸ்டிக். பெயர்தான் போகி. ஜனவரி விடியலில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாக இருக்கும். மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல் உட்கார்ந்திருக்கும். அதனால் புகை மேலே போக வழியின்றித் தெருவிலேயே நிற்கும். 2018 போகியன்று பனியும் புகையும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தடுமாறியது நினைவிருக்கலாம். விமானத்துக்கே அப்படி என்றால், ஒண்டுக்குடித்தனத்தில் கதவுக்கு நேரே மூச்சிரைப்போடு உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு எப்படி இருக்கும்?

அண்மை ஆண்டுகளில் பழைய துணி, டயர் முதலியவற்றைப் போகிக்கு முன்பே மாநகராட்சி தனியாக வாங்கிக்கொள்கிறது. அறிவிப்பைப் பார்த்துக் கொடுத்துவிடுங்கள். சாங்கியத்துக்குத் தீ வேண்டும் என்பவர்கள் ஒரு வறட்டி, ஒரு பிடி காய்ந்த ஓலை, ஒரு பழைய முறம் இவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். சுட்ட மண்வளையத்தில் தோல் கட்டிய போகி மேளத்தைப் பிள்ளைகள் தீயில் காட்டித்தான் முறுக்கேற்றுவார்கள். அந்தச் சின்னத் தீயே அதற்குப் போதும். வெயில் வந்த பிறகு மாடிச்சுவரில் சாய்த்து வைத்தாலும் ஏறும். தெருவில் யாரும் உறங்கமாட்டார்கள் என்பது உறுதி.

அலங்காரம்: வாங்குவதும் கட்டுவதும்

பூசைச் சாமான்களுக்குப் பூங்கா நகரில் கந்தகோட்டம் இருக்கும் ராசப்ப செட்டித் தெரு, பூவுக்குப் பாரிமுனை பத்ரியன் தெரு, கண்ணாடிக்கும் அலங்காரப் பொருளுக்கும் தேவராஜ முதலித் தெரு. போகிக்கு மூன்று நாள் முன்பு, காலை 10 மணிக்குள் போய்வந்துவிடுங்கள். அதன்பின் போனால் நடப்பது நாமாக இருக்காது, கூட்டம் நம்மை நடத்தும். கரும்பு, மஞ்சள் கொத்து, மாவிலை மூன்றும் நம் தெருமுனைக்கே வரும். அவற்றுக்காக எங்கும் அலைய வேண்டாம்.

மாவிலைத் தோரணத்துக்கு இளந்துளிர் எடுக்காதீர்கள், மதியத்துக்குள் தொங்கிவிடும். நன்றாக முற்றிய, கையகல இலையாகப் பாருங்கள். சணல் கயிற்றின்மேல் காம்புப்பக்கத்தை மடித்துப் போட்டு, மடிப்பின் இரண்டு பாதியையும் சேர்த்துத் துடைப்பத்து ஈர்க்கால் ஒரு குத்து, ஒரு எடுப்பு. ஈர்க்கின் மிச்சத்தை ஒடித்துவிடுங்கள். ஸ்டேப்ளர் போட்டால் உப்புக்காற்றில் பின் துருப்பிடித்து, நிலைப்படியில் பழுப்புக் கோடு விழும். மூன்றடிக் கதவுக்குப் பதினோரு இலை சரியாக இருக்கும்.

கோலத்துக்கு நம் தெருவில் இருக்கும் இடம் கதவுக்கும் பக்கத்து வீட்டு பைக்குக்கும் நடுவே மூன்றடி. இதை ஏற்றுக்கொண்டு திட்டமிடுங்கள். 15 புள்ளி தொடங்கி 8-ல் முடியும் ஊடுபுள்ளிக் கோலத்துக்கு 169 புள்ளி. இரண்டு அங்குல இடைவெளியில் வைத்தால் 70 செண்டிமீட்டர் அகலம் வரும். இடம் நிறையும், ஆனால் சுற்றிக் காவி தீட்ட இடம் இருக்காது. 9 தொடங்கி 5-ல் முடிவது 61 புள்ளி, 40 செண்டிமீட்டர். இதைப் போட்டு நான்கு பக்கமும் காவிப் பட்டை இழுத்தால் சின்ன வாசலும் எடுப்பாக இருக்கும். பெரிய பொங்கல் பானைக் கோலத்தைத் தெருப்பெண்கள் எல்லோரும் சேர்ந்து நடுத்தெருவில் போடட்டும்.

முதல் நாள் இரவே பைக் வைத்திருப்பவரிடம் சொல்லி வண்டியை நகர்த்தச் செய்யுங்கள். காலை நாலரைக்குப் பெருக்கி, நல்ல தண்ணீர் தெளியுங்கள்; உப்புத் தண்ணீர் தெளித்தால் காய்ந்ததும் தரையே வெளுத்துக் கோலம் மங்கித் தெரியும். நீர் மினுமினுக்கும்போது மாவைப் போட்டால் கூழாகும், முழுக்கக் காய்ந்தால் காற்றில் பறக்கும். மினுக்கம் அடங்கித் தரை கறுத்துத் தெரியும் அந்த ஐந்து பத்து நிமிடம்தான் நேரம். நடுவரிசைப் புள்ளியை முதலில் வைத்து, மேலும் கீழும் மாறி மாறி வரிசை சேருங்கள். கல்மாவு இழை சீராக வரும். எறும்புக்குக் கொஞ்சம் அரிசிமாவைக் கலந்தால் புண்ணியமும் சேரும் என்பார் என் மாமியார். பூசையறைக்கு மட்டும் பச்சரிசியை ஊறவைத்து அரைத்த ஈரமாக்கோலம். துணியை மாவில் தோய்த்து விரல்வழியே வடியவிட்டு இழுங்கள், முதலில் ஒன்றும் தெரியாது, காயக் காய வெள்ளையாக எழும்பி வரும். சுண்ணாம்படித்த சுவரைப் போலத்தான்.

கரும்பை நிலைப்படியின் இரு பக்கமும் நிறுத்தி, தோகைகளை மேலே சேர்த்துக் கட்டுங்கள். வெட்டுவாயில் எறும்பு மொய்க்கும். அடியில் தண்ணீர் ஊற்றிய தட்டு வைத்தால் போதும். சீரியல் விளக்கைத் துருப்பிடித்த கிரில்லில் சுற்றாதீர்கள். வெளியில் தொங்கவிட வெளிப்புறத்துக்கென்றே விற்பதை வாங்கி, இணைப்பை மழையும் பனியும் படாத இடத்தில் வையுங்கள். மின்பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் தடுப்பான் இருந்தால் அதன் சோதனைப் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விசை சட்டென்று விழுந்து மின்சாரம் நிற்க வேண்டும். பிளாஸ்டிக் தோரணத்துக்கு என் வீட்டு வாசலில் இடமில்லை. பதினைந்து நாள் பிளாஸ்டிக்கை வெளியேற்றிவிட்டுப் பதினாறாம் நாள் காசு கொடுத்து உள்ளே கொண்டுவருவதா?

காணும் பொங்கல் கழிந்த மறுநாள் தோரணத்தையும் கரும்புச் சக்கையையும் மக்கும் குப்பையில் சேர்த்துவிடுங்கள். அண்டாவைக் கழுவி, ஒருநாள் முழுக்க வெயிலில் வைத்து, உள்ளே அன்றைய செய்தித்தாளைச் சுருட்டிப் போட்டுப் பரணில் கவிழ்த்து வையுங்கள். ஏற்றும்போது படிச்சுவரில் இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், சுண்ணாம்பு இன்னும் புதிது.